கூட்ட நோட்டில் ஒரு வரி: மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்தோறும் இயங்கிவரும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊக்குநர்களுக்கும், பிரதிநிதிகளுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிய இந்த மடலை மருத்துவர்களுக்கோ அரசு அதிகாரிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்நோயைக் கண்டறியும் பரிசோதனை நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமில்லாமல் செய்யப்படுகிறது. சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இருந்தும், 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இப்பரிசோதனையைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர்தான். நாடு முழுவதற்குமான கணக்கு நூற்றுக்கு இரண்டு பேரைக்கூட எட்டவில்லை என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. மீதித் தொண்ணூறு பேரில் பலர் வாரந்தோறும் உங்கள் கூட்டங்களில் பாய் விரித்து உட்காருகிறவர்கள். அவர்களை ஒன்றாகப் பார்க்கிற இடம் எந்த மருத்துவமனைக்கும் வாய்க்கவில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில், எங்கள் நிலையத்துக்கு உட்பட்ட ஓர் ஊரில் ஒரு குழுவின் ஊக்குநராக இருந்த அம்மையார் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். வயது ஐம்பத்து மூன்று. சேமிப்பு, உள்கடன், வட்டி என எந்தக் கணக்கைக் கேட்டாலும் நோட்டைப் புரட்டாமல் சொல்லக்கூடியவர். மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு ஒருநாள் அவருக்கு மறுபடியும் இரத்தம் பட்டது. இரண்டு நாளில் நின்றுவிட்டது; அடுத்த மாதம் மறுபடியும் வந்தது. உடம்புச் சூடு என்று எண்ணி, இரவில் ஊறவைத்த வெந்தயத்தைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கினார். சோற்றுக்கற்றாழையை மோரில் கலந்து குடித்தார். மகள் மாசமாக இருந்த நேரம் என்பதால் அவளிடம் சொல்லவில்லை. பிறகு வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு வரத் தொடங்கியதும் பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் உள்ளே பரிசோதித்துப் பார்க்காமலேயே சத்து மாத்திரையும் வெள்ளைப்படுதலுக்கான மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எட்டு மாதங்கள் இப்படியே போயின. இடது கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, நடக்க முடியாத நிலையில் அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றபோது கட்டி இடுப்பெலும்புச் சுவர்வரை பரவிச் சிறுநீர்க் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது.

இதில் அந்த மருத்துவரை மட்டும் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. இரத்த அழுத்த மாத்திரை வாங்க அந்த அம்மையார் மாதந்தோறும் என்னிடம்தான் வந்தார். ஒவ்வொரு முறையும் கையில் பட்டையைச் சுற்றி, அளவை அட்டையில் எழுதி, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினேன். ‘மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா?’ என்று அந்த எட்டு மாதங்களில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார் என்றே இன்றுவரை நம்புகிறேன்.

அவருடைய குழு, சிகிச்சைக்காக ஒரே நாளில் இருபதாயிரம் ரூபாய் அவசரக் கடன் கொடுத்தது. அந்தத் தீர்மானத்தை நோட்டில் எழுதியது வேறொருவருடைய கை. அந்த அம்மையார் காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, அதே குழுவைச் சேர்ந்த மூன்று பெண்கள் தனித்தனியாக என்னைத் தேடிவந்து, தங்களுக்கும் இப்படி இரத்தம் படுவதுண்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். இருவருக்கு அச்சப்படும்படி எதுவும் இல்லை. மூன்றாமவருக்குப் புற்றாக மாறுவதற்கு முந்தைய மாற்றம் இருந்தது. எளிய சிகிச்சையில் சரியாகி இன்று நலமாக இருக்கிறார். நால்வரும் ஆண்டுக்கணக்கில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள். எவருக்கும் மற்றவருடைய தொல்லை தெரிந்திருக்கவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு நிகழ்ச்சிதான்.

கருப்பையின் கீழ்ப்பகுதி கழுத்துப்போல் குறுகிப் பிறப்புறுப்புப் பாதையில் வந்து திறக்கும் இடத்தைத்தான் கர்ப்பப்பை வாய் என்கிறோம். அங்கே இருவகைத் தோலணுக்கள் சந்திக்கிற ஒரு வளையம் இருக்கிறது. இப்புற்றின் பெரும்பகுதி அந்த வளையத்தில்தான் தொடங்குகிறது. தொடக்கி வைப்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. எனப்படும் கிருமி. இதனை நிலைநாட்டிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கிருமியின் பல வகைகளுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டு மட்டுமே உலகில் ஏற்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் பத்தில் ஏழுக்குக் காரணமாகின்றன. கிருமி தொற்றிய பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை வெளியேற்றிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் அணுக்கள் மெல்ல உருமாறுகின்றன. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடிக்கும். எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறாத பெண்களுக்கு இக்காலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளாகக் குறைந்துவிடக்கூடும். இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிற புற்றுநோய்கள் மிகச் சில. அப்படி இருந்தும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிடுகிறது.

அந்த நீண்ட அவகாசத்தில் வலி இருக்காது, இரத்தம் இருக்காது, எந்த அறிகுறியும் இருக்காது. இதை உங்கள் உறுப்பினர்களிடம் முதலில் சொல்லுங்கள். ‘எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும்?’ என்று கேட்கிற பெண்ணுக்காகத்தான் இப்பரிசோதனையே ஏற்பட்டது.

அறிகுறிகள் தோன்றிவிட்டால் காத்திருப்பதற்கு நேரமில்லை. அவற்றுக்கு நம் வீடுகளில் வேறு பெயர்கள் வழங்குவதால் அவை அறிகுறிகளாகவே நமக்குப் படுவதில்லை. கணவனோடு சேர்ந்த பிறகு இரத்தம் படுவது முக்கியமான எச்சரிக்கை; அதை வெட்கத்தால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவில் திட்டுத்திட்டாகப் படுவதையும், வழக்கத்தைவிட அதிக நாட்கள் போவதையும் ‘நிற்கப்போகிற வயது, அப்படித்தான் இருக்கும்’ என்று மூத்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அது மறுபடி வந்த தீட்டு ஆகாது. காரணம் சாதாரணமானதாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் அதை எவராலும் சொல்ல முடியாது. வெந்தயத்தால் அதைத் தீர்க்கவும் முடியாது. வெள்ளைப்படுதல் பெரும்பாலான பெண்களுக்கு இயல்பானது அல்லது சிறு தொற்றால் வருவது. ஆனால் அது நீர்போல் நிற்காமல் ஓடினாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ, இறைச்சி கழுவிய நீர்போல் இரத்தம் கலந்து வந்தாலோ மாத்திரை வாங்கித் தின்று நாளைக் கடத்தக் கூடாது. அடிவயிற்று வலியும் இடுப்பு வலியும் களையெடுக்கிற, தண்ணீர்க்குடம் சுமக்கிற பெண்களுக்கு அன்றாடம் இருப்பவை என்பதால் அவற்றை மட்டும் வைத்து அஞ்சத் தேவையில்லை. மேற்சொன்னவற்றில் ஒன்றோடு சேர்ந்து வரும்போதுதான் அவற்றுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்குவது, சிறுநீர் அடைபடுவது, காரணமின்றி உடல் இளைப்பது ஆகியவை நோய் முற்றியதற்கான அடையாளங்கள்.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவது பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளைப்படுகிறது, உதிரப்போக்கு அதிகம் என்று போகிற பெண்ணிடம், ‘பிள்ளைப்பேறுதான் முடிந்துவிட்டதே, எடுத்துவிடலாம்’ என்று சொல்வதும் அவளும் நிம்மதியாகச் சம்மதிப்பதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பாராமல் இந்த அறுவையைச் செய்துவிட்டு, எடுத்த பிறகு அதில் புற்று இருந்தது தெரியவந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். புற்றுக்கான அறுவை வேறு விதமானது. சுற்றியுள்ள திசுக்களையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுப்பது. நோய் சற்றே பரவியிருந்தால் அறுவைக்குப் பதிலாகக் கதிர்வீச்சும் அதனோடு சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துமே முறையான சிகிச்சை. சாதாரண அறுவையைச் செய்துவிட்ட உடலில் பின்னர் இச்சிகிச்சைகளை அளிப்பது கடினமாகிவிடுகிறது. ஆகவே உங்கள் குழுவில் எவரேனும் கர்ப்பப்பையை எடுக்கக் கடன் கேட்டு வந்தால், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். கடன் மனுவோடு கேட்கப்படும் கேள்வி என்பதால் யாருக்கும் அதில் சங்கடம் இருக்காது.

கிருமி உடலுறவால் தொற்றுவது என்றதும் பேச்சு ஒழுக்கத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. நோய்வாய்ப்பட்ட பெண்ணின் மாமியார் வீட்டில் ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்கப்பட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். உங்கள் கூட்டத்தில் இதற்குத் தெளிவாக விடை சொல்லுங்கள். மண வாழ்க்கை நடத்துகிற ஆண்களிலும் பெண்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இக்கிருமி தொற்றியே தீர்கிறது. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரும். ஆணுக்குப் பெரும்பாலும் எந்த அடையாளமும் தெரியாமல் இருந்து, அவனிடமிருந்து பரவும். பல ஆண்டுகள் ஓசையின்றி உடலில் தங்கக்கூடியது என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கணவன் இறந்து பத்து ஆண்டுகள் ஆன கைம்பெண்ணுக்கு இந்நோய் தெரியவருவதில் வியப்படைய ஒன்றுமில்லை. அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேச எவருக்கும் இடமுமில்லை. கணவனும் இல்லை, மாதவிலக்கும் இல்லை, இனி எதற்குப் பரிசோதனை என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம்.

இன்னொன்றையும் என் அனுபவத்தில் கவனித்திருக்கிறேன். நம் பெண்கள் இரண்டாவது குழந்தை பிறந்ததும், பெரும்பாலும் முப்பது வயதுக்கு முன்பே, குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொள்கிறார்கள். அதுவரை தடுப்பூசி, கர்ப்பகாலப் பதிவு, மகப்பேறு என அவர்களைத் தேடித்தேடிப் போன நாங்கள், அதன்பிறகு அவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவார்களே தவிரத் தமக்காக வருவதில்லை. பரிசோதனை தொடங்க வேண்டிய முப்பது வயதில்தான் மருத்துவமனையோடு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. ஏறத்தாழ அதே வயதில்தான் அவர்கள் உங்கள் குழுவில் சேர்கிறார்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரியாததாலேயே பலர் அஞ்சுகிறார்கள். பிரசவ அறையில் படுப்பதுபோல் கால்களை மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். பாதையை விரித்துப் பார்ப்பதற்கான கருவியை மெதுவாகச் செலுத்தி, 3 முதல் 5 விழுக்காட்டு அசெட்டிக் அமிலக் கரைசலைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவுவார்கள். ஊறுகாயில் சேர்க்கிற வினிகரில் இருப்பதும் இந்த அமிலம்தான். ஒரு நிமிடம் காத்திருந்தால், உருமாறிய அணுக்கள் இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும். சற்றுக் கூச்சமும் இலேசான எரிச்சலும் இருக்கும். கத்தி இல்லை, ஊசி இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போகலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு, இருவகை அணுக்கள் சந்திக்கிற அந்த வளையம் உள்ளே போய்விடுவதால் இந்த முறை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அவர்களுக்குப் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து அணுக்களை வழித்தெடுத்துச் சோதிப்பது) அல்லது எச்.பி.வி. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும்.

இந்த எளிய முறையால் உயிர்கள் காக்கப்படுகின்றன என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள். பலருக்கு இது தெரியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2000ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும், அடையாறு புற்றுநோய் நிலையமும், மேலே சொன்ன பன்னாட்டு முகமையும் சேர்ந்து இம்மாவட்டத்து ஊர்களில் ஓர் ஆய்வை நடத்தின. மருத்துவர் சங்கரநாராயணன் அதற்குத் தலைமை தாங்கினார். ஊர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை வாய்ப்பு அளிக்கப்பட்டது. 31,343 பேர் வந்து செய்துகொண்டார்கள். பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். தேவைப்பட்டவர்களுக்கு, உருமாறிய இடத்தைக் குளிரால் உறையவைத்து அழிக்கும் உறைகுளிர்ச் சிகிச்சை அளித்தவர்களும் அவர்களே. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: பரிசோதனை அளிக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்நோய் 25 விழுக்காடும் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பயன் இது. காட்டுவேலையும் மில் வேலையும் பார்க்கிற பெண்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து படுத்ததால் கிடைத்த அறிவை உலக நாடுகள் பயன்படுத்திக்கொண்டன. அவர்களுடைய மகள்களும் மருமகள்களும் இன்று அதே பரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெள்ளையாகத் தெரிந்தது, ‘பாசிட்டிவ்’ என்று சொன்னார்கள் என்றால் புற்று வந்துவிட்டது என்று பொருளாகாது. தொற்றாலும் புண்ணாலும்கூட வெள்ளையாகத் தெரியலாம். அடுத்து உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் சிறு துணுக்குத் திசு எடுத்துச் சோதித்த பிறகே முடிவு சொல்வார்கள். முந்தைய நிலை மாற்றம் மட்டும் இருந்தால், அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்தோ சூட்டால் பொசுக்கியோ கம்பி வளையத்தால் செதுக்கியோ அகற்றிவிடலாம். எனக்கு மிகவும் கவலை தருகிறவர்கள் பரிசோதனைக்கே வராதவர்களைவிட, வந்து ‘பாசிட்டிவ்’ என்று சொல்லப்பட்டு, அந்த அச்சத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் மறைந்துவிடுகிறவர்கள். அவர்களோடு மாவட்ட மருத்துவமனைக்குக் கூடப் போக ஓர் ஆள் தேவை.

எச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 9 முதல் 14 வயதுக்குள், கிருமி தொற்ற வாய்ப்பு ஏற்படுவதற்கு முன்பே போட்டால் இது நன்கு காக்கும். 2022இல் புனேயைச் சேர்ந்த சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்னும் தடுப்பூசி இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசி அளிப்பதாக அறிவித்தது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அது பற்றிக் கேளுங்கள். பிள்ளைப்பேற்றைக் கெடுத்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மகளுக்கு ஊசி போட்டாயிற்று என்பதற்காகத் தாய் பரிசோதனையை விட்டுவிடவும் கூடாது. ஏற்கெனவே தங்கிவிட்ட கிருமியை ஊசி அகற்றாது.

இனி என் வேண்டுகோள். உங்கள் அடுத்த கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசி முடித்த பிறகு, உறுப்பினர் வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கடைசியாகப் போன மாதமும் ஆண்டும் மட்டும் அதில் இருக்கட்டும். முடிவு என்ன என்பதை எழுத வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அது அவரவருக்கே உரியது. 30 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். கட்டம் காலியாக இருப்பவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே நாளில் போய்வாருங்கள். தனியாகப் போகக் கூசுகிற பெண்ணும் நாத்தனாரோடும் பக்கத்து வீட்டுக்காரியோடும் போவாள். ஒருநாள் கூலி போகிறதே என்று தயங்குகிறவருக்குக் குழு நிதியிலிருந்து பேருந்துக் கட்டணமேனும் கொடுக்க முடியுமா என்று பேசிப்பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களும் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தாம் என்பதால், எந்த நாளில் எந்த நேரத்தில் போனால் பரிசோதிக்கும் செவிலியர் இருப்பார் என்பதை அவர்கள் வழியாக முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். முந்தைய இரண்டு நாட்கள் கணவனோடு சேராமல் இருப்பதும், உள்ளே மருந்து எதுவும் வைக்காமல் இருப்பதும் நல்லது. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுகிறவர்கள் இந்த நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை; இரத்தம் படுகிற அன்றே போகலாம். செவிலியரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், ‘நின்ற பிறகு பட்டது’ என்ற மூன்று சொற்களைச் சொன்னால் போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.